எண் நாற்பத்தொன்று: மௌனம்

சாரல் காலத்துல, குற்றாலத்துல, பேரருவிச் சத்தம் காதுல விழுற தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு, குடிக்கத் தண்ணி இல்லைன்னு ஒரு கமிட்டி தீர்மானம் போட்டுச்சு. பொய்யில்ல. அந்தத் தீர்மானத்தை எழுதும்போது நான் கதவோரம் நின்னேன். அதுக்கு முழுக் காரணம் எங்கய்யா. எங்க பக்கம் பெத்த தகப்பனை அய்யான்னுதான் சொல்லுவோம். அவரு செத்து அப்போ ஒரு வருஷம் ஆகப் போகுது.

நான் ஆலங்குளத்துல ரெண்டு கோட்டை விதைப்பாட்டு வயலை உழுது பிழைக்கிற சம்சாரி. பேரு சிவனணைந்தபெருமாள். எங்கய்யா மந்திரமூர்த்தி, அருவியில குளிச்சா முட்டுவலி போகும்னு தென்காசியில எங்க அக்கா வீட்டுக்குப் போனவரு, முப்பத்தஞ்சாம் வருஷம் ஆடியில அங்கனயே கண்ணை மூடிட்டாரு. சித்தாத்தங்கரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். மொட்டை போட்டு, தண்ணி நிறைச்ச புதுப்பானையைத் தோள்ல வச்சு நான் சுத்தி வந்தேன். சுத்துக்கு ஒண்ணா மாடன் பின்னாலயே வந்து கத்தியால மூணு ஓட்டை போட்டாரு. மாடன்தான் அந்தப் பக்கத்துச் சாவுக்கெல்லாம் சவரம் பண்ணுறவரு, சடங்கு சொல்லுறவரு. மூணாவது ஓட்டையில கத்தி வழுக்கி, ஓட்டை ஒரு பக்கமா விரிசல் விட்டுப் பிளந்துச்சு. இனி நான் முதுகைக் காட்டி நின்னு பானையைப் பின்னால விட்டுட்டு, கொள்ளியை வச்சுட்டு, திரும்பிப் பாக்காமப் போகணும். அவ்வளவுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, வெள்ளம் வருதுன்னு ஒரு கூப்பாடு. எல்லாரும் மேட்டைப் பாத்து ஓடுதாங்க. நானும் ஓடுனேன். ஓடுறதுக்கு முன்னால அந்தப் பானையைப் பதனமா மணல்ல இறக்கி வச்சேன். புதுப்பானை, உடைஞ்சிறப்பிடாதேன்னு. சம்சாரி கை அப்பிடித்தான் செய்யும். உடைக்கிறதுக்குன்னே கொண்டுபோன பானையை உடையாமக் காப்பாத்துன மடையன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

வெள்ளம் வடிஞ்சு வந்து பாத்தா, எரிமேடைமேல எங்கய்யா அப்பிடியே கிடக்காரு, மணல்ல பானையைக் காணோம். வேற பானை ஒண்ணு வாங்கி உடைச்சுக் கொள்ளி வச்சோம். எங்கய்யா ஒத்துக்கிடல. உசுரோட இருக்கும்போதே ஒண்ணைப் பிடிச்சா அதையேதான் பிடிப்பாரு. மறுநாள்ல இருந்து எங்க வீட்டுல தண்ணி நிக்கல. என் பெண்டாட்டி பேச்சித்தாய் காலையில பானையை நிறைச்சு வைப்பா. உச்சி வேளைக்குள்ள அடி வறண்டு கிடக்கும். பானையில ஒழுக்கு இல்ல, தரையில ஈரம் இல்ல. பக்கத்துல நின்னா தொண்டைக்குள்ள இறங்குற சத்தம் மட்டும் கேக்கும், மடக் மடக்குன்னு. பெத்தவரு விக்கிக்கிட்டு நிக்காரு, நான் மூணு வேளையும் திங்கிறேன். அந்த ஒரு வருஷமும் நான் குடிச்ச ஒவ்வொரு வாய்த் தண்ணியும் எனக்குத் திருட்டுத் தண்ணியா இருந்துச்சு. எப்பிடியாவது அந்த மனுசனைக் கரை சேத்துரணும்னு அம்மன் கோயில் பாக்கியில்லாம விழுந்து கும்பிட்டேன்.

தலைத்திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பேச்சித்தாய் ஒரு யோசனை சொன்னா. குற்றாலத்துக்குப் போய் அருவியில முழுகி, அங்கன இருக்கிற ஐயரை வச்சே திவசத்தைக் கொடுத்துட்டு வந்துரலாம், மனசு ஆறும்னா. கிளம்பிட்டோம்.

தென்காசியில இறங்குனா எவன் வாயைத் திறந்தாலும் பானைதான். முன்னெல்லாம் சீசனுக்கு வர்றவங்க அருவியைப் பாப்பாங்க, மங்குஸ்தான் வாங்குவாங்க, போவாங்க. இப்பம் மெட்ராஸ்ல இருந்தும் மதுரையில இருந்தும் வர்ற பெரிய மனுசங்க எல்லாம் ஊரூராப் போய்க் கண்காட்சிச் சாலையில பானை பாக்காங்களாம். அதுதான் நாகரிகமாம். நவீன மட்பாண்டக் கலாசங்கம்னு ஒரு சங்கம். அதுக்கு ரெண்டு சாலை. தென்காசியில இருக்கிறது சோறு பொங்க, தண்ணி வைக்க உதவுற பாண்டத்துக்கு. குற்றாலத்துப் பங்களாவுல இருக்கிறது எதுக்கும் உதவாத பாண்டத்துக்கு. ஒசத்தி ரெண்டாவதுதான். குற்றாலத்துப் பானை ஒண்ணுல ஒரு வேலைக்காரி தெரியாத்தனமா மோர் ஊத்தி வச்சுட்டா. அன்னைக்கே அதைத் தென்காசிக்குத் தள்ளிட்டாங்கன்னு வாசல்ல நின்ன சேவகன் பெருமையாச் சொன்னான்.

நேரா குற்றாலத்துச் சாலைக்குள்ள போக முடியாது. தென்காசியில ரசனைச் சீட்டு வாங்கணும். அதுக்கு அரை மணி நேரப் பாடம். பானைக்கு மூணு அடி தள்ளி நிக்கணும். தலையை இடது பக்கமாச் சாய்க்கணும். மூச்சை உள்ள இழுத்து, அடடான்னு பக்கத்துல உள்ளவனுக்குக் கேக்காத மாதிரி சொல்லணும். பேச்சித்தாய் ஒரு பானையைப் பாத்து, இதுல எத்தனை பேருக்குச் சோறு ஆகும்னு கேட்டுட்டா. அவ சீட்டுல சிவப்பு மையால ஒரு கோடு போட்டாங்க. எனக்குக் கழுத்து சுளுக்கி ஒரு பக்கமாவே நின்னதால முதல் வகுப்புல தேறிட்டேன்.

குற்றாலத்துப் பங்களாவுல பகல்லயே விளக்கு எரிஞ்சுது. வெளிய சாரல் விடாம அடிக்கி, உள்ள ஈரவாடை. கயிறு கட்டி, கயித்துக்கு அந்தப்புறம் முக்காலி முக்காலியாப் பானை. வாயில்லாத பானை, அடியில்லாத பானை, வயிறு ஒட்டுன பானை. வரிசையா அதுகளைத் தாண்டிப் போகப் போக எனக்கு என்னமோ பந்தியில உட்கார்ந்திருக்கிற செத்த சொந்தக்காரங்களைத் தாண்டிப் போற மாதிரி இருந்துச்சு. கடைசி அறையில வெல்வெட்டுத் துணி விரிச்ச மேசை. அதுமேல எங்கய்யா பானை.

முதல்ல நான் நம்பல. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன். மூணு ஓட்டை. மூணாவது ஓட்டை ஒரு பக்கமாப் பிளந்த ஓட்டை. அக்கா வச்ச சுண்ணாம்புப் பொட்டு பாதி அழிஞ்சு அப்பிடியே இருக்கு. முன்னால ஒரு அட்டை: எண் நாற்பத்தொன்று. மௌனம். ஆக்கியோன், கௌரவச் செக்ரட்டரி கணபதிசுப்பிரமணியன். நான் அந்த மௌனத்தைக் கேட்டுக்கிட்டு நின்னேன். உள்ள இருந்து மடக் மடக்குன்னு சத்தம். வெறும் பானையில, தண்ணியே இல்லாத பானையில, எங்கய்யா குடிக்கப் பாக்காரு. அங்கனயே உட்கார்ந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அழுத சத்தத்துக்கு ஒரு ஆள் ஓடிவந்தாரு. கிராப்பு வெட்டி, மெட்ராஸ் பொமேடு போட்டுப் படிய வாரியிருந்தாரு. அட்டையில பேரு இருந்த கணபதிசுப்பிரமணியன்தான், சீமையில மூணு மாசம் மண்ணு பிசையப் படிச்சுட்டு வந்தவராம். என்னைத் தூக்கிவிடாம, ஒரு நோட்டை எடுத்து, நான் எத்தனை நிமிஷம் அழுதேன்னு எழுதிக்கிட்டாரு. இதுவரைக்கும் இந்தச் சாலையில அடடாவுக்கு மேல யாரும் போனதில்லையாம். என்னை உத்தம ரசிகன்னாரு. நாளைக்கு ஜட்ஜு ஒருத்தரு வாராரு, அவரு முன்னாலயும் இதே மாதிரி அழ வசதிப்படுமான்னு கேட்டாரு.

பிறகு மத்தவங்களைக் கூட்டி வச்சு, மேசைப் பக்கத்துல நின்னு பேசுனாரு: "தண்ணீர் நிற்கும் பானை தண்ணீருக்கு அடிமை. சோறு பொங்கும் பானை வயிற்றுக்கு அடிமை. ஒரு சொட்டும் நில்லாத இந்தப் பானை யாருக்கும் அடிமை அன்று. சென்ற ஆடியில், வெள்ளம் வடிந்த ஒரு காலை, சிற்றாற்றங்கரையில் உலாவும்போது இந்த வடிவம் எனக்குள் உதித்தது." உதிச்சது அவருக்குள்ள இல்ல, மணல்ல. நான் வச்ச எடத்துல இருந்து ரெண்டு பர்லாங் தள்ளி ஒதுங்கியிருக்கு, இவரு துண்டுல மூடி எடுத்துட்டு வந்திருக்காரு.

கூட்டம் கலைஞ்சப்புறம் நான் அவருகிட்ட உள்ளதைச் சொன்னேன். இது கொள்ளிக்குடம், எங்கய்யாவோடது, உடையாததால அவரு போய்ச் சேராம அலையுதாரு, உள்ளயே இருக்காருன்னேன். பைத்தியம்னு விரட்டுவாருன்னு நினைச்சேன். அவரு நிதானமா, உங்கள் தகப்பனார் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டாரான்னு கேட்டாரு. பதியாதவங்க உள்ள இருக்க விதியில இடமில்லையாம். எங்கய்யாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுத்தான்னேன். கைநாட்டும் செல்லும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் காலையில நான் போனா, பதிவேட்டைச் சுத்தி ஒரே கூட்டம். புதுப் பக்கத்துல ஒரு இடதுகைப் பெருவிரல் ரேகை. மையில்ல, தண்ணி. ஒத்துத்தாளை வச்சு ஒத்துனா தாள் நனையுது, ரேகை காயல. நான் கிட்டப் போய்ப் பாத்தேன். அருவா வெட்டுத் தழும்பு ரேகையில குறுக்க ஓடுது. அது எங்கய்யா விரல்தான். தொட்டுப் பாக்கணும்னு கை நீட்டுனேன், சேவகன் தட்டிவிட்டான்.

சங்கத்துக்கு ஒரே சந்தோஷம். செத்தும் வந்து பாக்குற ரசிகன் வேற எந்தச் சங்கத்துக்கு இருக்கான்? அவரை ஆயுள் மெம்பராச் சேக்கணும்னு செக்ரட்டரி சொன்னாரு. ஆயுள் முடிஞ்சுபோனவரை ஆயுள் மெம்பராக்கலாமான்னு கமிட்டியில ரெண்டு மணி நேரம் வாதம். நான் என் மனுவை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கேன். பானையைக் கொடுங்க, உடைச்சுக்கிடுதேன், உங்களுக்கு நூறு பானை வாங்கித் தாரேன்னு எழுதியிருந்தேன்.

கடைசியா பிரஸிடெண்டு கூப்பிட்டாரு. ராவ் சாகிப் முத்துக்குமாரசாமி, ரிடையர் ஆன டிப்டி கலெக்டர். என் மனுவைக் கையில வாங்காமலே சொன்னாரு: "நான் இருபத்தெட்டு வருஷம் சர்க்காருக்கு உழைத்தவன். உயிரோடு இருந்தவன் மனுவையே நான் படித்ததில்லை. செத்தவன் காரியத்தில் ஒரு முன்மாதிரியை ஏற்படுத்திவிட்டால், நாளைக்கு ஊரில் செத்தவன் எல்லாம் வந்து வாசலில் நிற்பான்."

சொல்லி முடிச்சுட்டுத் தம்ளரை எடுத்து வாயில வச்சாரு. தம்ளர் காலி. சேவகன் ஊத்துனான். வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள மடக் மடக்குன்னு சத்தம், மறுபடியும் காலி. எல்லாரும் ராவ் சாகிப் தொண்டையைப் பாத்தாங்க. அது அசையவே இல்ல. எனக்கு விளங்கிப்போச்சு. எங்கய்யாவுக்குப் பானை இருக்கிற எடம் தெரிஞ்சுட்டு. நான்தானே வழிகாட்டினேன். அன்னைக்கு நாங்க தங்கியிருந்த சத்திரத்துல பேச்சித்தாய் பிடிச்சு வச்ச செம்புத் தண்ணி ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக் குறையாம இருந்துச்சு.

பங்களாவுல அஞ்சு நாள் ஒருத்தர் நாக்கும் நனையல. குடம் குடமாக் கொண்டுவந்தாங்க, வாசப்படி தாண்டுனதும் குடம் லேசாயிரும். கோலிசோடா வரவழைச்சாங்க, கோலி அடைச்சது அடைச்சபடி இருக்க உள்ள ஒண்ணுமில்ல. அருவி அந்தப் பக்கம் இடிச்சுக்கிட்டு விழுது, இந்தப் பக்கம் மெம்பர்மாரு உதடு வெடிச்சு, நாக்கு ஒட்டி, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க. கமிட்டி விதிப்படி கூட்டம் முடியாம யாரும் வெளிய போகப்பிடாது. கூட்டத்தை முடிச்சு வைக்கிற பேச்சைப் பேச யாருக்கும் தொண்டை வரல. சாயங்காலம் சைகை காட்டித்தான் கலைஞ்சு, வெளிய போய்த் தண்ணி குடிச்சாங்க. அஞ்சாம் நாள்தான் குடிக்கத் தண்ணி இல்லைங்கிற அந்தத் தீர்மானம். அதோடயே ரெண்டாவது தீர்மானம்: எண் நாற்பத்தொன்றை உடைக்கலாம்.

எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு உள்ள போனேன். செக்ரட்டரி கையைக் காட்டி நிறுத்துனாரு. விதி பதினாலு. சாலையில உள்ள பாண்டத்தை அதை ஆக்குனவர் கையைத் தவிர வேற கை அழிக்கப்பிடாது. ஆக்கியோன்னு அட்டையில இருக்கிற பேரு இவரு பேரு.

நான் தென்காசிக்கு ஓடி மாடனைக் கூட்டிட்டு வந்தேன். மாடன் பானையைப் பாத்துட்டு, பானை வேளாரு வனைஞ்சது, ஓட்டை நான் போட்டது, இதோ என் கத்தின்னு கமிட்டி முன்னால வச்சாரு. செக்ரட்டரி சிரிச்சாரு. பானை எவனும் வனையலாம், ஓட்டை எவனும் போடலாம், இரண்டையும் மேசைமேல் வைக்கத் துணிந்தவனே கலைஞன்னாரு. ராவ் சாகிப் தலையாட்டிட்டாரு, பேச முடியல.

மாடன் கத்தியை மடக்கிக்கிட்டே மெதுவாச் சொன்னாரு: "எசமான், அதுல ஒரு விசயம் இருக்கு. குடத்தை யாரு உடைக்காங்களோ அவங்கதான் செத்தவருக்கு மகன். தலைமுடியை இறக்கணும். ஓட்டை விழுந்த குடம், இனி அது பெத்த மகனா, வேத்தாளான்னு ஆள் பாக்காது."

செக்ரட்டரி கை தானாப் போய் கிராப்பைத் தொட்டுச்சு. மூஞ்சி வெளுத்துட்டு. அவரு தயங்குனதைப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. கயித்துக்கு மேல கையை நீட்டி அவரு வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"சாமி, இது நான் செஞ்சதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெளிய யாருக்கும் தெரியாது. எங்கய்யாவை எனக்குக் குடுத்துருங்க."

அவரு அட்டையைப் பாத்தாரு. தன் பேரைப் பாத்தாரு. மெம்பர்மாரைப் பாத்தாரு. ஒரு வார்த்தைதான். அது அவரு வாயில வரல. வேட்டியை உருவிக்கிட்டு, நாளைக்குக் காலை பத்து மணின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

காலையில சீட்டு அச்சடிச்சு வித்துட்டாங்க. முன்வரிசையில நாற்காலி, பொதுமக்களுக்குக் கயித்துக்குப் பின்னால நிக்க எடம். நானும் பேச்சித்தாயும் நின்னோம். செக்ரட்டரி மொட்டைத் தலையோட வந்தாரு. கலைஞன் ஆபரணம் துறந்துவிட்டான்னு ஒரு பேச்சுப் பேசுனாரு, வறண்ட தொண்டையில பாதிதான் கேட்டுச்சு. பானையைத் தோள்ல ஏத்துனாரு. ஏத்துனதும் முகம் மாறிப்போச்சு. வெறும் பானை, ஆனா தண்ணி நிறைஞ்ச பானையைச் சுமக்கிற மாதிரி முதுகு வளையுது. மூணு ஓட்டையிலயும் தண்ணி ஒழுகி அவரு சட்டை நனையுது. ஜனங்க அடடான்னாங்க. மூணு சுத்து வந்து, முதுகைக் காட்டி நின்னு, பானையைப் பின்னால விட்டாரு. பானை நொறுங்குன சத்தம் எனக்கு நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. மாடன் பதறி, திரும்பிப் பாக்காதீங்கன்னாரு. அதுக்குள்ள செக்ரட்டரி கைதட்டலுக்குக் கும்பிடு போடத் திரும்பிட்டாரு. திரும்பி, ஓட்டாஞ்சல்லியைப் பாத்தாரு. அவரு என்னத்தைக் கண்டாருன்னு எனக்குத் தெரியாது. கும்பிட்ட கை இறங்கல.

அதுக்கு அடுத்த நாள் தலைத்திவசம். சத்திரத்துல இலை போட்டு உட்கார்ந்தேன். ஐயரு எடுத்ததும் கேட்டாரு, குடம் உடைச்சது நீர்தானே. நான் பொய் சொல்லியிருக்கலாம். எங்கய்யா காரியத்துல வாய் வரல. நடந்ததைச் சொன்னேன். ஐயரு தர்ப்பையைக் கீழ வச்சுட்டாரு. உடைச்சவர் கையாலதான் அவருக்குத் தண்ணி சேரும், நீர் விட்டா நிலத்துக்குத்தான்னுட்டாரு.

ஐயரைக் கூட்டிக்கிட்டுப் பங்களாவுக்குப் போனா, செக்ரட்டரி ஏற்கெனவே ஈர வேட்டியோட உட்கார்ந்திருந்தாரு. யாரும் சொல்லியனுப்பல. ஒரு ராத்திரியில பத்து வயசு கூடுன மாதிரி இருந்தாரு. சுத்தியும் காலிச் சொம்பு, காலித் தம்ளர். கயிறு அவிழ்க்கல, என்னைப் பொதுமக்கள் நிக்கிற எடத்துல நிக்கச் சொன்னாங்க. ஐயரு மந்திரம் சொல்லி, தகப்பன் பேரு என்னன்னாரு. மந்திரமூர்த்தின்னு செக்ரட்டரி பளிச்சுன்னு சொன்னாரு. பாட்டன் பேருன்னாரு. செக்ரட்டரி முழிச்சாரு. அறையெல்லாம் துழாவி, கயித்துக்குப் பின்னால என்னைக் கண்டுபிடிச்சாரு. அந்தக் கண்ணுல ஆக்கியோனும் இல்ல, கௌரவமும் இல்ல, பயம் மட்டும்தான் இருந்துச்சு.

"துள்ளுக்குட்டி"ன்னேன். அவரு திருப்பிச் சொன்னாரு. முப்பாட்டன் பேரு கேட்டாரு ஐயரு. "பேச்சிமுத்து"ன்னேன். அதையும் சொன்னாரு. எள்ளும் தண்ணியும் அவரு விரல் வழியா இறங்குச்சு. அந்த அறையில எல்லாருக்கும் கேட்டுச்சு, ஒருத்தர் நிதானமா, வயிறு நிறையக் குடிக்கிற சத்தம். எங்கய்யா குடிச்சாரு. என் கையால இல்ல, ஆனா குடிச்சாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அந்தச் சந்தோஷத்தோட நெஞ்சு வலியும் தாங்க முடியல. பேச்சித்தாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

ஊருக்கு வந்து எட்டு நாள் கழிச்சுச் சங்கத்துல இருந்து ஒரு கடிதாசு வந்துச்சு. கூட்டெழுத்து எனக்குப் பிடிபடல, வாத்தியாரு படிச்சாரு. எங்கள் தந்தையார் திவசத்தில் முன்னோர் பெயர்களை எடுத்துக்கொடுத்த பொதுமக்களில் ஒருவருக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது. அடுத்த வருஷமும் அதே நாளில் வந்து, கயிற்றுக்குப் பின்னால் நின்று, பெயர்களை மறுபடியும் சொல்லிவிட்டுப் போகவும். கீழ கையெழுத்தை வாத்தியாரு ரெண்டு தடவை வாசிச்சாரு. மந்திரமூர்த்தி மகன் கணபதிசுப்பிரமணியன்.